கறையானைக் கண்டு வியந்த மருத்துவர்

சாம்பார் தாளிக்கும்போது கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுகிறோம். சாப்பிடும்போது அதையே எடுத்து இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம். காரியம் முடிந்ததும் கைவிடப்படுபவரைக் கறிவேப்பிலைக்கு ஒப்பிடுவதும் நம் வழக்கம். அந்தக் கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரில் ஒரு மனிதரின் பெயர் இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? முர்ரயா கோனிகி என்பது அப்பெயர். அதில் உள்ள கோனிக் என்பவர், நம் கீழ்வேளூருக்கு வடகிழக்கே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒரு மருத்துவர்.

யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1728-ஆம் ஆண்டு வட ஐரோப்பாவில் லிவோனியா என்ற நாட்டில் பிறந்தார். செடிகொடிகள் மீது அவருக்கு அளவற்ற ஆர்வம் இருந்தது. 1757-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் லின்னேயஸ் என்னும் பேரறிஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்களால் பெயரிடும் முறையை உலகுக்குத் தந்தவர் இந்த லின்னேயஸ்தான். பின்னர் கோனிக் டென்மார்க்கில் தங்கினார். 1764, 1765 ஆகிய ஆண்டுகளில் ஐஸ்லாந்துத் தீவின் தாவரங்களை ஆராய்ந்தார்.

அக்காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க்காரர் வசம் இருந்தது. 1620-இல் அவர்கள் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியதும் அந்த ஊரில்தான். அங்கிருந்த மிஷனுக்கு மருத்துவராகக் கோனிக் அனுப்பப்பட்டார். வழியில் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இறங்கிச் செடிகளைச் சேகரித்துக்கொண்டு, 1768-இல் தரங்கம்பாடியை அடைந்தார். 

நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் வயலும் தோப்பும் சுற்றினார். கண்டவற்றை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1771-இல் லின்னேயஸ் நம் கறிவேப்பிலைக்குப் பெர்கேரா கோனிகி என்று பெயர் சூட்டித் தம் மாணவரைச் சிறப்பித்தார். பிற்காலத்தில் முதற்சொல் முர்ரயா என்று மாறியது. இன்று தாவரவியலார் பலர் மீண்டும் பெர்கேரா என்றே எழுதுகின்றனர். முன்சொல் எத்தனை முறை மாறினாலும் கோனிக்கின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

செடிகளைப் போலவே அவரை ஈர்த்தது, நாம் திரும்பியும் பாராத கறையான். வரப்பிலும் வேலியோரத்திலும் நாம் தினமும் பார்க்கும் புற்று, அவர் வளர்ந்த குளிர்நாடுகளில் கிடையாது. கதவு நிலையையும் புத்தகத்தையும் அரிக்கும் பூச்சி என்று நாம் சலித்துக்கொள்வதை அவர் புதையல்போல் கருதி ஆராய்ந்தார். தென்னிந்தியக் கறையானைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளியாயிற்று. 

புற்றுக்குள்ளே பஞ்சுபோன்ற அடைகள் இருப்பதையும் அவற்றில் பூஞ்சை வளர்வதையும் அக்கட்டுரையில் விவரித்தார். கறையான் எறும்பு இனமன்று, கரப்பான் பூச்சிக்கு நெருங்கிய உறவு என்று இன்று அறிகிறோம். அது காய்ந்த மரத்தையும் சருகையும் தின்று, அந்தக் கழிவால் அடை கட்டி, அதில் பூஞ்சையைப் பயிரிட்டு உண்கிறது. மழைக்குப் பின் புற்றின் மேல் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் விளைச்சலே. நாற்று நடும் நம் ஊரில், காலடியில் வேறொரு விவசாயமும் நடக்கிறது!

மழை வந்தவுடன் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதை நாம் அறிவோம். ஈசலை நம் மக்கள் பிடித்த விதத்தையும் கோனிக் குறித்து வைத்தார். புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை. எதிர்ப்பக்கத் துளையில், உள்ளே வாசனைத் தழை தேய்த்த பானையைப் பொருத்துவார்கள். காற்று வரும் பக்கம் நாற்றம் மிகுந்த புகை போடுவார்கள். புகை பொறுக்காமல் ஈசல்கள் பானைக்குள் வந்து நிறையும். அவற்றை மாவுடன் சேர்த்துப் பலகாரம் செய்வார்கள். கிழவர்களின் முதுகுக்கு வலு உண்டாக ராணிக் கறையானை உயிரோடு கொடுப்பதுண்டு என்றும் அவர் எழுதினார். 1781-இல் ஆப்பிரிக்கக் கறையானைப் பற்றி லண்டனில் எழுதிய ஸ்மீத்மன், இச்செய்திகளைத் தம் கட்டுரையில் எடுத்துச் சேர்த்தார்.

கோனிக்கின் வாழ்க்கை வளமானதாக இல்லை. ஆராய்ச்சிக்குச் சம்பளம் போதாமல் 1774-இல் ஆற்காட்டு நவாபிடம் பணியில் சேர்ந்தார். 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை அமர்த்திக்கொண்டு, சியாமுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பியது. அலைச்சலிலேயே காலம் கழிந்ததால் எழுதியதில் பெரும்பகுதியை அவரால் அச்சேற்ற இயலவில்லை. 1785-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், காக்கிநாடா அருகே வயிற்றுக்கடுப்பு நோயால் காலமானார். அவர் ஏடுகள் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸிடம் போய்ச் சேர்ந்தன. அவருடைய சியாம் பயணக் குறிப்புகள் 1894-இல்தான் அச்சாயின. கம்பெனியில் அவர் இடத்துக்கு வந்தவர் பாட்ரிக் ரஸ்ஸல். நம் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அந்த ரஸ்ஸலின் பெயரே வழங்குகிறது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பானையில் ஈசல் பிடிக்கும் வித்தையைக் கோனிக் கண்டுபிடிக்கவில்லை. வாசனைத் தழையைத் தேர்ந்தவர்களும் காற்றின் திசை பார்த்துத் துளையிட்டவர்களும் நம் ஊர்ப் பக்கத்து எளிய மக்களே. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை இது என்று சிலர் சொல்லக்கூடும். அது முழு நியாயமாகாது. கோனிக் தாமே மண்ணைத் தோண்டிப் பார்த்தார். பாமரர் சொன்னதை இகழாமல் கேட்டார், கேட்டதை எழுதினார். ஆயினும் சொன்னவர் பெயரையும் எழுதியிருந்தால் அந்த ஏடு இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.

அந்தக் குறையைத் தீர்க்கும் வாய்ப்பு நமக்கு இன்றும் உண்டு. ஈசல் வறுத்துப் பொரியுடன் கலந்து தின்ற கதையை நம் அப்பாயியும் அம்மாச்சியும் இன்றும் சொல்கிறார்கள். எந்தக் காளானைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். வயலில் நிற்கும் கொக்குக்கும் நாரைக்கும் எத்தனை வகைப் பெயர்கள் சொல்கிறார்கள்! அவர்கள் காலத்தோடு இவையும் போய்விட்டால் பிறகு யாரைக் கேட்போம்? தோழியரே, இந்த ஐப்பசி மழைக்குள் நாம் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். கேட்டதைத் தேதியிட்டு எழுதுவோம். பக்கத்தின் மேலே முதல் வரியில், அதைச் சொன்னவரின் பெயரை எழுதுவோம்.