சாலை சமைத்த தொமிங்கோ

இயேசுநாதரின் சீடராகிய சந்தியாகப்பரின் கல்லறை ஸ்பெயின் நாட்டின் வடமேற்கே கொம்போஸ்தெலாவில் உள்ளதென ஒன்பதாம் நூற்றாண்டில் செய்தி பரவிற்று. அதுமுதல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றினின்றும் யாத்திரிகர் அவ்வூருக்குக் கால்நடையாகச் செல்லலாயினர்.

அவ்வழியில் அமைந்த ரியோஹாப் பகுதியில், 1019-ஆம் ஆண்டளவில் தொமிங்கோ பிறந்தார். இளமையில் ஆடு மேய்த்தவர் என்பர். துறவு பூண விழைந்து இரண்டு மடங்களை அணுகினார். இரண்டும் அவரை ஏற்கவில்லை. அவர் மனம் எத்துணை நொந்திருக்கும்! எனினும் துறவு வேட்கை தணியவில்லை. ஓஹா ஆற்றங்கரைக் காட்டில் தனித்து உறைந்தார்.

ஆங்கு, ஆற்றைக் கடக்க வழியின்றித் தவித்த யாத்திரிகரை அவர் நாள்தோறும் கண்டார். தனித்திருந்து தவம் புரிவதினும் அவர்தம் இடர் களைவதே தமக்குரிய பணி எனத் தெளிந்தார். காட்டை வெட்டித் திருத்தினார். கல் பரப்பிச் சாலை சமைத்தார். ஆற்றின் குறுக்கே பாலம் அமைத்தார். களைத்தவர் தங்க விடுதியும், நோயுற்றவர்க்கு மருத்துவ இல்லமும் எழுந்தன. 1076-ஆம் ஆண்டில் அப்பகுதியைத் தம் ஆட்சிக்கு உட்படுத்திய ஆறாம் அல்போன்சோ மன்னர், மடங்கள் ஏற்க மறுத்த அம்மனிதரின் பணிக்குத் துணைநின்றார். ஹுவான் என்னும் இளைஞர் அவரிடம் தொழில் பயின்று, பின்னாளில் தாமும் பாலங்கள் கட்டினார்.

முதுமையிலும் ஓயாது உழைத்த தொமிங்கோ 1109-ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்விடத்தில் வளர்ந்த ஊர், 'சாலைத் தொமிங்கோ' எனப் பொருள்படும் பெயரால் இன்றும் வழங்குகின்றது. யாத்திரிகர் அவருடைய கல்லறை அமைந்த கோயிலைக் கடந்தே மேற்கு நோக்கி நடக்கின்றனர்.