சிலந்திக்குப் பெயர் சூட்டிய உத்தியோகஸ்தர்

சிலந்தியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுவார்கள். அதற்கு எத்தனை கண் என்று எண்ணிப் பார்த்தார் ஒருவர். அவர் கார்ல் அலெக்சாண்டர் கிளர்க். சுவீடன் நாட்டுக்காரர்.

1709-ம் ஆண்டில் பிறந்தார். பிரபு குலம்தான், ஆனால் கையில் காசு இல்லை. 1726-ல் உப்சாலா சர்வகலாசாலையில் சேர்ந்தவர், பண முடையால் படிப்பைப் பாதியில் விட்டார். சர்க்கார் வேலைக்குப் போனார். பிறகு ஸ்டாக்ஹோம் நகர நிர்வாகத்தில் உத்தியோகம் பார்த்தார்.

1739-ல் ஸ்டாக்ஹோமில் விஞ்ஞானி லின்னேயஸ் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கிளர்க் கேட்கப் போனார். அது அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது. சிலந்திகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்.

எட்டுக் கண்

நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். பூவில் பதுங்கி இரை பிடிக்கும் ஒருவகைப் பெண் சிலந்தி, வெள்ளைப் பூவில் வெள்ளையாகவும், மஞ்சள் பூவில் மஞ்சளாகவும் மாறிவிடும்!

கிளர்க் கண்களைப் பார்த்தார். கால்களையும் உடலையும் பார்த்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்தார். பிடித்த தேதியையும் எழுதி வைத்தார்.

எட்டுக் கண்ணும், முன் உடலுக்கும் வயிற்றுக்கும் நடுவே குறுகிய இடுப்பும் இருந்தால்தான் சிலந்தி என்றார். நெட்டைக் கால்களோடு சிலந்திபோலத் திரியும் ஒரு பிராணிக்கு இரண்டே கண்; இடுப்பும் இல்லை. அதை ஒதுக்கிவிட்டார். ஆறு கண் சிலந்திகளும் உண்டு என்பது பிற்காலத்தில் தெரிந்தது.

1757-ல் அவருடைய 'சுவீடன் சிலந்திகள்' வெளிவந்தது. அதில் 67 இனங்கள், வண்ணப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சொல்லில் பெயர். முதுகில் வெள்ளைச் சிலுவைக் குறியுள்ள தோட்டச் சிலந்திக்கு, மகுடம் தரித்தது என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

முதல் மரியாதை

1765 ஜூலை 22-ல் கிளர்க் காலமானார். அவர் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் படநூல் முற்றுப்பெறவில்லை.

பிற்காலத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. லின்னேயஸின் நூல் வெளியான 1758-க்கு முன் சூட்டிய பிராணிப் பெயர்கள் செல்லாது என்பது விஞ்ஞானிகளின் விதி. கிளர்க்கின் நூலோ ஓராண்டு முந்தியது!

அத்தனை உழைப்பையும் தள்ளிவிட விஞ்ஞானிகளுக்கு மனம் வரவில்லை. 1959-ல் சர்வதேசக் கமிஷன் அந்த நூலை ஏற்றது. 1999-ல் வெளியான விதிநூல், அது 1758 ஜனவரி 1-ல் வெளிவந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. லின்னேயஸ் வைத்த பெயரோடு மோதினால், கிளர்க் வைத்த பெயரே நிற்கும்.

இன்று உலகில் 50,000-க்கும் அதிகமான சிலந்தி இனங்கள் தெரியும். அந்தப் பெரிய பட்டியலில் முதல் மரியாதை, படிப்பைப் பாதியில் விட்ட அந்த உத்தியோகஸ்தருக்குத்தான்.