வேதியியலால் நோய் வென்றவர்

உயிரணுவும் நுண்ணுயிரும் கண்ணுக்குப் புலப்படாதவை. அவற்றுள் நிகழும் மாற்றங்களை அறிய வேதியியலே கருவியாகிறது. அக்கருவியை ஆக்கியும், அவ்வறிவை மருந்தாக மாற்றியும் மக்கள் உயிர்காத்த அறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். உடன்பிறந்தோர் இருவரை ஸ்புரூ என்னும் குடல்நோய் பறித்தது. விடுதலை வேட்கையால் கதராடை அணிந்தமையால் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது.

அதன்பின் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டில் பயின்றுகொண்டே, மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலைப் பணியாளராக உழைத்தார். பின்னர் சைரஸ் ஃபிஸ்கேவுடன் இணைந்து, உயிர்ப்பொருள்களில் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். பாஸ்பேட்டு மாலிப்டேட்டுடன் கூடி, ஒடுக்கமடைந்து நீலநிறம் தரும். நிறத்தின் செறிவே அளவை உணர்த்தும். இவ்வெளிய முறையின் துணையால் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யையும் இருவரும் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார்.

இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. மனம் தளராத அவர் 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அவருடைய தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. உடன்பிறந்தோரைக் கவர்ந்த ஸ்புரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் சேர்மங்கள் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை எதிர்க்கும் முதற்படைக்கலமாயின. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டக்கர் பிரித்த ஆரியோமைசின், பாக்டீரியாக்கள் புரதம் ஆக்குவதைத் தடுத்து அவற்றை அடக்கியது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் அக்குழுவின் கொடையே. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் அந்நோயை ஒழிக்க ஊர்தோறும் வழங்கப்பட்ட மாத்திரை இதுவே.

1948 ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில் அவர் நியூயார்க்கில் மறைந்தார். புகழை நாடாத அவர் பெயரைப் பலரும் அறியவில்லை. எனினும் ஒரு பூஞ்சைப் பேரினம் சுப்பாரோமைசிஸ் என அவர் பெயர் தாங்குகிறது. வைரசின் புரதங்களில் சர்க்கரைத் தொடர்கள் பிணைவதை இன்றைய அறிஞர் வேதிக் கருவிகளால் ஆராய்கின்றனர். அப்பிணைப்புக்கான ஆற்றலின் ஊற்றும் அவர் கண்ட ஏ.டி.பி.யே. பட்டமும் பதவியும் மறுக்கப்பட்டபோதும், பயனுள்ள உழைப்பு உலகில் நிலைபெறும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.