போட்டியாளருக்காகக் குரல் கொடுத்த கணித மேதை யாக்கோபி

நீள்வட்டச் சார்புகள் என்னும் கணிதத் துறைக்கு அடித்தளமிட்ட நூலை எழுதியவராக ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் குஸ்தாவ் யாக்கோப் யாக்கோபி அறியப்படுகிறார். அதே துறையில் தமக்குப் போட்டியாக விளங்கியவரின் கட்டுரை மறைந்துபோகாமல் காக்க அவர் முயன்றதும் அவரது வரலாற்றின் முக்கியப் பகுதியாகும்.

1804 டிசம்பர் 10 அன்று பிரஷ்யாவின் பாட்ஸ்டாம் நகரில், யூத வங்கியாளர் குடும்பத்தில் யாக்கோபி பிறந்தார். 12 வயதிலேயே பல்கலைக்கழகக் கல்விக்குத் தகுதி பெற்றார். எனினும், 16 வயது நிரம்பாதோரை பெர்லின் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாததால் 1821 வரை பள்ளியிலேயே காத்திருந்தார். 1825-இல் முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டு கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார்.

நீள்வட்ட வில்லின் நீளம், அகன்று வீசும் ஊசலின் அலைவு நேரம் ஆகியவற்றைக் கணக்கிடும்போது எழும் தொகையீடுகள் அன்று அறியப்பட்டிருந்த சார்புகளுக்குள் அடங்கவில்லை. பாரிஸைச் சேர்ந்த லெஜாண்டர் பல பத்தாண்டுகள் அவற்றை ஆராய்ந்தார். நார்வேயின் இளம் கணிதவியலாளர் நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல், அத்தொகையீட்டின் நேர்மாறுச் சார்பை ஆராயும் புதிய வழியை 1827-இல் வெளியிட்டார். அதே ஆண்டு யாக்கோபியும் அவ்வழியில் முன்னேறினார். சைன் சார்பு ஒரே கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் வரும். புதிய சார்புகளுக்கோ அத்தகைய இடைவெளிகள் இரண்டு இருந்தன.

இப்போட்டியின் நடுவே, 1826-இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு ஆபெல் அளித்த பெரும் கட்டுரை கேட்பாரற்றுக் கிடப்பதை யாக்கோபி அறிந்தார். 1829 மார்ச்சில் லெஜாண்டருக்குக் கடிதம் எழுதி அதுகுறித்து வினவினார். ஆனால், காசநோயால் பாதிக்கப்பட்டிருந்த ஆபெல் ஏப்ரல் 6 அன்று 26 வயதில் காலமானார். அவரது கட்டுரை 1841-இல்தான் அச்சேறியது.

யாக்கோபியின் லத்தீன் நூல், நீள்வட்டச் சார்புக் கோட்பாட்டின் புதிய அடித்தளங்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் அதே 1829-இல் வெளியானது. ஓர் எண்ணை நான்கு வர்க்க எண்களின் கூட்டலாக எத்தனை விதங்களில் எழுதலாம் என்ற கேள்விக்கும் அதில் விடை கிடைத்தது. குறியையும் வரிசையையும் கணக்கில் கொண்டால், 7 என்னும் எண்ணுக்கு 64 விதங்கள் உண்டு. பாரிஸ் கழகம் 1830-இல் தனது பெரும் பரிசை யாக்கோபிக்கும் மறைந்த ஆபெலுக்கும் பகிர்ந்தளித்தது.

1843-இல் நீரிழிவு நோயால் பாதிக்கப்பட்ட யாக்கோபி, பின்னர் பெர்லினில் குடியேறினார். 1848 புரட்சியின்போது அரசியலில் ஈடுபட்டதால் அரசு உதவித்தொகையையும் இழந்தார். வியன்னாவிலிருந்து அழைப்பு வந்த பின்னரே பிரஷ்ய அரசு மனம் மாறியது. 1851 பிப்ரவரி 18 அன்று பெரியம்மை நோயால், 46 வயதில் அவர் காலமானார்.

யாக்கோபி வளர்த்தெடுத்த தீட்டா சார்புகள் எண்ணியலில் நிலைபெற்றன. 1920-இல் சீனிவாச ராமானுஜன் தமது இறுதி மாதங்களில் கண்டறிந்த போலித் தீட்டா சார்புகளின் பெயரில் அந்தத் தொடர்பு இன்றும் விளங்குகிறது.