விவரணப் படத் தந்தை பிளாகேட்டி

இல்லறத்தார்க்கு இக்காலத்தே புதிதாய் வந்து சேர்ந்த கடமைகளுள் ஒன்று, பெற்றோரோடும் மக்களோடும் ஒருங்கிருந்து காணத்தக்க படங்களைத் தெரிந்தெடுத்தலாகும். முன்னாளிற் படங்காண விரும்பினோர் படமாளிகைக்குச் சென்றனர், விரும்பாதோர் செல்லாதிருந்தனர். இந்நாளிலோ படம் தானே வீட்டினுட் புகுந்து நடுக்கூடத்தில் இடம்பிடித்துக் கொண்டது. பத்து வயதுச் சிறுமியும் எழுபது வயது மூதாட்டியும் ஒரே திரையை நோக்கி அமர்ந்திருக்கின்றனர். பிள்ளைகளுக்கு எத்தகைய படங்களைக் காட்டலாம் என்று என் மாணவரின் பெற்றோர் என்னை உசாவுவதுண்டு. கொலையுங் களவும் இல்லாத படத்தைக் காட்டுக என்று கூறிவிடுதல் எளிது. ஆயின், தீமை இல்லாமையால் மட்டும் ஒன்று நன்மை உடையதாகிவிடாது. விவரணப் படங்களைக் காட்டுக எனின், அவை உரைப்பன யாவும் மெய்தாமோ என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவோடு தம் வாழ்நாள் முழுவதும் பிணிப்புண்டிருந்தவர் றொபேட் பிளாகேட்டி என்னும் அமெரிக்கர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இரும்பு மலை எனப் பொருள்படும் அயன் மவுண்டன் என்னும் ஊரில், 1884ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 16ஆம் நாள் பிளாகேட்டி பிறந்தார். தந்தையார் ஐரிஷ் மரபினர். நிலத்தினுள் இரும்புத் தாது தேடுந் தொழிலினர். தாயார் ஜேர்மன் மரபினர். தந்தையார் சுரங்கம் நாடிச் சென்ற காட்டுப்புறங்களுக்கெல்லாம் மைந்தரும் உடன்சென்றார். ஆகவே, ஏட்டுக் கல்வியினும் காட்டுக் கல்வியே அவர்க்கு மிகுதியாக வாய்த்தது. ரொறன்ரோ நகரத்துக் கல்லூரியொன்றிற் சிலகாலமும், மிச்சிகன் சுரங்கக் கல்லூரியிற் சிறிதுகாலமும் பயின்றார். பட்டம் எதுவும் பெற்றாரல்லர். எனினும் அந்நாளிலே பிரான்சிசு ஹபாட் என்னுங் கல்விசான்ற பெண்மணியின் நட்பைப் பெற்றார். 1914ஆம் ஆண்டில் அவரையே மணந்தார். கணவரின் படங்கள் பலவற்றிலும் அவ்வம்மையாரின் உழைப்பும் கலந்திருத்தலை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும்.

1910ஆம் ஆண்டில், கனடாவிற் பெரும் புகைவண்டிப் பாதைகளை அமைத்து வந்த சேர் வில்லியம் மக்கென்சி என்பார், ஹட்சன் குடாப் பகுதியிற் கனிப்பொருள் தேடுமாறு பிளாகேட்டியை அனுப்பினார். நாய்கள் இழுக்குஞ் சறுக்கு வண்டியிலும் சிறு தோணியிலும் அவர் அப்பனி நிலத்தை அளந்து திரிந்தார். நிலப்படங்களிற் செவ்வையாகக் குறிக்கப்பெறாதிருந்த பெல்ச்சர் தீவுகளின் உண்மையான பரப்பை உலகிற்கு அறிவித்தார். அவற்றுட் பெரிய தீவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அந்நெடும் பயணங்களில் அவரைக் காத்தவர்கள் அந்நிலத்துக்குரிய இனுயிற் மக்கள். பிறர் எஸ்கிமோவர் என்று வழங்கி வந்தது இம்மக்களையே. வழிகாட்டியும் உணவளித்தும் தம்மைப் பேணிய அம்மக்கள்பால் அவர்க்குப் பேரன்பு உண்டாயிற்று.

1913ஆம் ஆண்டிற் புறப்பட்டபோது, கமராவொன்றையும் உடன்கொண்டு செல்லுமாறு மக்கென்சி கூறினார். பிளாகேட்டி மூன்று வாரங்களே படம்பிடிக்கக் கற்றுக்கொண்டு சென்றார். பல்லாயிரம் அடி நீளமான படச்சுருள்களோடு மீண்டார். 1916ஆம் ஆண்டில், ரொறன்ரோவில் அச்சுருள்களைத் தொகுத்துக்கொண்டிருந்த வேளையில், அவர் கையிலிருந்த சிகரெற்றின் தீ சுருளிற் பற்றியது. அக்காலத்துச் சுருள்கள் எளிதில் எரியும் இயல்பின. ஏறத்தாழ 30,000 அடிச் சுருளும் கணப்பொழுதிற் சாம்பராயின. அவரும் தீப்புண்பட்டார். எரியாது தப்பிய படியொன்றைப் பலர்க்குக் காட்டியபோது, அது தமக்கே மனநிறைவு தரவில்லை என்பதை அவர் உணர்ந்தார். காட்சிகள் இருந்தன, அவற்றைக் கோக்கும் நூல் இருந்திலது. ஒரு குடும்பத்தைத் தெரிந்துகொண்டு, அதன் ஓராண்டு வாழ்வைக் காட்டினாலன்றிக் காண்போர் உள்ளம் அதன்கண் ஒன்றாது எனத் தெளிந்தார். பின்னாளில் விவரணப் படம் என வளர்ந்த துறைக்கு இத்தெளிவே வித்தாயிற்று.

றெவில்யோன் என்னும் பிரெஞ்சு மென்மயிர்த்தோல் வாணிக நிறுவனம் பொருளுதவி செய்ய, 1920ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஹட்சன் குடாவின் கீழ்க்கரையிலுள்ள இனுக்யுவாக்கிற்குச் சென்று ஓராண்டு தங்கினார். கமராக்களோடு, சுருள் கழுவும் பொருள்களும் படங்காட்டும் பொறியும் கொண்டு சென்றார். பனிக்கட்டியைத் துளைத்து நீரெடுத்துச் சுருள் கழுவ உதவியவர்களும், பழுதுற்ற கமராவைச் செப்பனிட உதவியவர்களும் இனுயிற் மக்களே. பிடித்த காட்சிகளை அவர்க்கே காட்டினார். வால்ரசு என்னும் பெரிய கடல் விலங்கைத் தம்மவர் கயிற்றாற் பற்றியிழுக்குங் காட்சியைத் திரையிற் கண்டு அவர்கள் ஆரவாரித்தனர். இவர் செய்வது யாது என்பதையும் அறிந்துகொண்டனர். 1922ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூயோர்க்கில் 'வடபுலத்து நனூக்' என்னும் அப்படம் வெளிவந்தது. மக்கள் திரள்திரளாகச் சென்று கண்டனர்.

இப்படத்தை என் அன்னையாரோடும் மக்களோடும் வீட்டிலிருந்து கண்டிருக்கின்றேன். அது பேசாப் படம். ஏறத்தாழ 80 நிமிடம் ஓடுவது. இடையிடையே வரும் எழுத்துக்களை யான் தமிழிற் சொல்ல, அன்னையார் கேட்டுக்கொண்டிருந்தார். பேசாப் படத்திற்கு இஃதொரு சிறப்பு: வீட்டார் தம்முட் பேசிக்கொண்டே காணலாம். நனூக் பனியை வெட்டிக் குடில் அமைத்து, தெளிந்த பனிக்கட்டியொன்றைப் பலகணியாகப் பதிக்குங் காட்சியில் அனைவரும் மெய்ம்மறந்திருந்தோம். குடிலினுள்ளே குடும்பத்தார் துயிலெழுங் காட்சி வந்தபோது, என் இளைய மகள், இருண்ட குடிலுக்குள் இத்துணை வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று வினாவினாள்.

அவ்வினா நுண்ணியது. உண்மை யாதெனின், அக்குடில் பாதியே கட்டப்பெற்றது. கமராவிற்கு ஒளி வேண்டி ஒருபுறந் திறந்து விடப்பெற்றது. இதுமட்டுமோ? நனூக் என்பது கதைக்கு இட்ட பெயர். அவர் இயற்பெயர் அல்லகரியல்லக். மனைவியாக வந்தவர் அவர் மனைவியல்லர். துவக்கு அந்நிலத்து மக்களிடையே வழக்கிற்கு வந்துவிட்ட காலத்திலும், நம் கரையோரத்தார் மண்டா என்பது போன்ற எறியீட்டி கொண்டே வேட்டையாடுமாறு பிளாகேட்டி வேண்டிக்கொண்டார். பனித்துளை வழியே சீல் என்னும் விலங்கோடு நனூக் இழுபறிப்படுங் காட்சியிற் கயிற்றின் மறுதலையைப் பிடித்திருந்தோர் மனிதரே. நனூக் பசியால் மாண்டார் என்று பிளாகேட்டி உலகிற்குச் சொன்னார்; அவர் நோயுற்றே இறந்தார் எனப் பின்வந்த ஆராய்ச்சியாளர் கூறுவர்.

அங்ஙனமாயின் அப்படம் பொய்யோ? தொல்காப்பியங் கற்றார்க்கு இவ்வினா புதிதன்று. அகப்பொருட் செய்யுள் நாடக வழக்கும் உலகியல் வழக்குங் கலந்து நடப்பது என்பது ஆசிரியர் துணிபு. சுவையுடையவாய்ப் பலவிடத்து நிகழ்வனவற்றை ஓரிடத்து நிகழ்ந்தனவாகத் தொகுத்தலே நாடக வழக்கு என்று உரையாசிரியர் விளக்குவர். பிளாகேட்டி செய்ததும் அதுவே. பனிவீடு கட்டுந் திறன் மெய்; குளிர் மெய்; நாய்களின் பசி மெய்; தந்தை மகனுக்கு வில்லெய்யக் கற்பிக்கும் அன்பும் மெய்யே. ஆயின் செய்யுளைக் கற்பார் அதனைச் செய்யுளென அறிந்தே கற்கின்றனர். விவரணப் படமோ தன்னை உலகியலாகவே காட்டிக்கொள்கின்றது. வேறுபாடு இங்கேதான் உளது. ஆதலால் அவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு உடனிருந்து காணும் பெரியோரைச் சார்ந்ததாகும்.

பின்னர் அவர் மனைவியாரையும் மூன்று புதல்வியரையும் அழைத்துக்கொண்டு தென்கடலிலுள்ள சமோவாத் தீவுகளுக்குச் சென்று, 1923, 1924ஆம் ஆண்டுகளில் 'மோவானா' என்னும் படத்தை எடுத்தார். 1926ஆம் ஆண்டில் அது வெளிவந்தபோது, ஜோன் கிறியேர்சன் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டறிஞர் நியூயோர்க்குச் செய்தித்தாளொன்றில் எழுதிய மதிப்புரையிலேதான், இன்று நாம் விவரணம் என்னும் பொருளில் வழங்கும் ஆங்கிலச் சொல் படக்கலைக்கு ஏற்றி உரைக்கப்பட்டது. அக்கிறியேர்சன் பின்னர் இங்கிலாந்தில் ஒரு விவரணப் படக் குழுவை வளர்த்தார். அவர் தயாரிப்பிற் பசில் றைற் நம் நாட்டிற்கு வந்து எடுத்த 'இலங்கைப் பாடல்' என்னும் படம் 1934ஆம் ஆண்டிற்குரியது. இவ்வகையில் பிளாகேட்டி நட்ட மரத்தின் கிளையொன்று நம் மண்ணிலும் நிழல் செய்தது எனலாம்.

அயர்லாந்தின் மேற்கேயுள்ள அரன் தீவிற் பிளாகேட்டி எடுத்த 'அரன் மனிதன்' 1934ஆம் ஆண்டில் வெளிவந்து, வெனிஸ் நகரப் படவிழாவிற் பரிசு பெற்றது. பாறைமேற் கடற்பாசியும் மண்ணும் இட்டுக் கிழங்கு விளைக்கும் அவ்வேழை மக்களின் உழைப்பைக் காண்பார் கண்கலங்குவர். ஆயின் அதில் வரும் பெருஞ்சுறா வேட்டை, படம் எடுப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அத்தீவில் வழக்கொழிந்தது. மறந்துபோன அத்தொழிலை அம்மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாயிற்று. புயற்கடலில் தோணி செலுத்துமாறு அவர்களை ஏவியமை குறித்துப் பின்னாளில் அவரே வருந்தினார் என்பர். கலைக்காக மனிதரை இடரில் தள்ளலாமோ என்பதும் ஓர் அறவினாவே.

1937ஆம் ஆண்டில் வெளிவந்த 'யானைச் சிறுவன்' கிப்ளிங்கின் கதையொன்றைத் தழுவியது. அதற்காக மைசூருக்குச் சென்ற பிளாகேட்டி, மன்னரின் யானைப் பந்தியைச் சார்ந்த பாகனொருவரின் மகனாகிய சாபு என்னுஞ் சிறுவனைக் கண்டெடுத்தார். எஞ்சிய பகுதிகளை இங்கிலாந்துப் படநிலையத்தில் சொல்ரன் கோடா என்பார் எடுத்து முடித்தார். சாபு பின்னர் உலகறிந்த நடிகராய் விளங்கி, 1963ஆம் ஆண்டில் தம் 39ஆம் வயதில் மறைந்தார். சிறுவனும் யானையும் கொண்ட கேண்மையைக் காட்டும் இப்படம் பிள்ளைகளுக்கு மிக ஏற்றது.

அவருடைய இறுதிப் பெரும் படம் 1948ஆம் ஆண்டில் வந்த 'லூயிசியானாக் கதை'. சதுப்பு நிலத்திலே தோணியில் திரியும் சிறுவன் ஒருவனையும், அவன் வளர்க்கும் றக்கூன் என்னும் சிறு விலங்கையும், அங்கு வந்துசேரும் எண்ணெய்க் கிணற்றுக் கோபுரத்தையும் அது காட்டும். அதற்கமைந்த இசைக்காக வேர்ஜில் தொம்சன் 1949ஆம் ஆண்டிற் புலிற்சர் பரிசு பெற்றார். படத்திற்குப் பொருள் தந்ததோ பெரிய எண்ணெய்க் கம்பனியொன்று. எண்ணெய் எடுத்தலால் நிலத்திற்கு ஊறு யாதும் இல்லை என்ற தோற்றம் அதில் இருத்தலை வளர்ந்த மாணவர் ஆராய்ந்து நோக்குவாராக. 1951ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆம் நாள் பிளாகேட்டி காலமானார். அவர் மனைவியார் 1955ஆம் ஆண்டில் வேர்மொன்ற் மாநிலத்துத் தம் பண்ணையில் தொடக்கிய படக் கருத்தரங்கு நெடுங்காலம் நிலைத்தது.

இவ்வளவில் நிறுத்தினால் வரலாறு குறைவுடையதாகும். நனூக் படத்தில் நைலா என்னும் மனைவியாகத் தோன்றிய பெண்மணிக்குப் பிளாகேட்டியால் ஒரு மகன் பிறந்தான். யோசபி என்பது அவன் பெயர். இனுக்யுவாக்கிற்கு மீண்டு செல்லாத பிளாகேட்டி அம்மைந்தனை ஒருநாளும் கண்டாரல்லர். 1955ஆம் ஆண்டிற் கனடா அரசு இனுயிற் குடும்பங்கள் சிலவற்றை இனுக்யுவாக்கிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கேயுள்ள எல்ஸ்மியர் தீவிற்குப் பெயர்த்தபோது, யோசபியின் குடும்பமும் அங்குக் கொண்டு செல்லப்பட்டது. மாதக்கணக்கில் ஞாயிறு தோன்றாத, வேட்டை அரிதாகிய அந்நிலத்தில் அவர்கள் பட்ட துயர் பெரிது. 2010ஆம் ஆண்டிலேயே கனடா அரசு அதற்காக மன்னிப்புக் கோரிற்று. பனிநிலக் குடும்பத்தின் அன்பை உலகெலாம் உணரக் காட்டியவர், அப்பனிநிலத்தில் தமக்குரிய குழந்தையொன்றை விட்டு நீங்கினார். படத்தின் இன்பத்தை நுகரும் நாம் இதனையும் அறிந்திருத்தல் நேர்மையாகும்.

ஆயினும் இப்படங்களை விலக்குக என்று யான் கூறேன். குடும்பத்தோடு காண்க என்றே கூறுவேன். பெற்றோர் முதலில் தாம் தனித்துப் பார்த்துவிடுதல் நன்று. நனூக் படத்தில் வேட்டையும் குருதியும் பச்சையூன் உண்ணலும் வரும், 'மோவானா'விற் பச்சை குத்துங் காட்சி நெடிது செல்லும். சிறு குழந்தைகட்கு 'யானைச் சிறுவன்' போதும். உயர்வகுப்பு மாணவர் நனூக்கைக் கண்டபின், எது கண்டபடி எடுத்தது, எது அமைத்து எடுத்தது என்று தாமே பகுத்துக் கூறுமாறு செய்க. யோசபியின் வரலாற்றை அவர்க்கு உரிய பருவத்திற் சொல்லுக. வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று வினாவக் கற்ற பிள்ளைக்கு, எந்தப் படமும் எளிதிற் கேடு செய்யாது.