எமில் போடோ

ழான் மோரிசு எமில் போடோ (செப்டம்பர் 11, 1845 – மார்ச் 28, 1903) பிரான்சு நாட்டைச் சேர்ந்த தந்திப் பொறியியலாளர் ஆவார். ஒவ்வோர் எழுத்தையும் சம நீளமுள்ள ஐந்து அலகுகளால் குறிக்கும் குறிமுறையையும், ஒரே கம்பியைப் பல இயக்குநர்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் அச்சுத் தந்தி முறையையும் உருவாக்கினார். தரவுத் தொடர்பில் குறி வீதத்தை அளக்கும் 'போட்' என்னும் அலகு (பாட் என்றும் வழங்குவர்) இவர் பெயரால் அமைந்தது.

இளமை

போடோ, ஓட்-மார்ன் மாவட்டத்தின் மாக்னோ என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கப் பள்ளிக்கு மேல் இவர் முறையாகக் கற்கவில்லை. தந்தையின் பண்ணையில் வேலை செய்துவந்த இவர், 1869இல் பயிற்சி இயக்குநராகத் தந்தித் துறையில் சேர்ந்தார். அங்கு மோர்சு முறையையும் டேவிட் ஹியூசின் அச்சுத் தந்திப் பொறியையும் கற்றார். 1870இல் பிரான்சு-புருசியப் போரில் பணியாற்றித் திரும்பிய பின், ஓய்வு நேரத்தில் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

ஐந்தலகுக் குறிமுறை

மோர்சு முறையில் எழுத்துக்கு எழுத்து நீளம் மாறும். காதால் கேட்டு எழுதும் மனிதருக்கு அது தடையன்று. பொறிக்கோ ஓர் எழுத்து எங்கே முடிகிறது என்பதே சிக்கலாகிவிடும். ஒவ்வோர் அலகும் மின்னோட்டத்தின் இரு நிலைகளுள் ஒன்றாக இருக்க, ஐந்து அலகுகளால் 32 சேர்க்கைகள் கிடைக்கின்றன. காவுசும் வேபரும் முன்னரே ஐந்தலகுக் குறிகளைக் கையாண்டிருந்தனர். அதனைக் கம்பியைப் பங்கிடும் சுழல் பகிர்வியுடன் இணைத்ததே போடோவின் சாதனை எனலாம். சூன் 17, 1874இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இயக்குநர் முன் பியானோவில் உள்ளவை போன்ற ஐந்து கட்டைகள் இருந்தன. அவற்றுள் இரண்டு இடக்கைக்கும் மூன்று வலக்கைக்கும் உரியவை. பகிர்வி தம் முறைக்கு வரும்போது எழும் ஒலியைக் கேட்டு, நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 சொற்கள் என்ற மாறாத தாளத்தில் அழுத்த வேண்டும். கற்பதற்கு எளிய வேலையன்று.

1877 நவம்பர் 12இல் பாரிசு-போர்தோ தடத்தில் முதற் சோதனை நடந்தது. 1878ஆம் ஆண்டுப் பாரிசு உலகக் கண்காட்சியில் இம்முறை தங்கப் பதக்கம் பெற்றது.

மிமோ வழக்கு

லூயி விக்டர் மிமோ என்னும் தந்திப் பணியாளர், கண்டுபிடிப்பு தமதே என்று 1877இல் வழக்குத் தொடர்ந்தார். முதலில் அவருக்குச் சாதகமாக அமைந்த தீர்ப்பு பின்னர் நீக்கப்பட்டு, செலவும் அவர் தலையிலேயே விழுந்தது. மனம் குலைந்த மிமோ, பின்னாளில் தம் கோரிக்கைகளை மறுத்த குழுவை நடத்திய ழூல் ரேனோவைச் சுட்டுக் கொன்றார். போடோவின் வரலாற்றைக் கூறும் பல சிறு குறிப்புகள் இதனை விட்டுவிடுகின்றன.

இறுதிக்காலம்

போடோ 1882இல் ஆய்வாளர்-பொறியாளராக உயர்ந்தார். இளமை முதலே இவர் உடல்நலம் குன்றியிருந்தது. 1890இல் மணம் புரிந்த மனைவி சில மாதங்களிலேயே இறந்தார். போடோ தமது 57ஆம் அகவையில் சோ நகரில் காலமானார்.

1901இல் டொனால்டு மரே, தட்டச்சு விசைப்பலகைக்கும் துளைநாடாவுக்கும் ஏற்ப எழுத்துக் குறிகளை மாற்றியமைத்தார். டெலக்சு நாடாக்களில் போடோ குறிமுறை என்று வழங்கியது உண்மையில் மரே வழிவந்ததே.

போட் அலகு

ஒரு நொடியில் தடத்தில் செல்லும் குறியலகுகளின் எண்ணிக்கையே போட். பிட் வீதமும் இதுவும் ஒன்றல்ல. டெலக்சு தடத்தின் வேகம் 50 போட். ஓர் எழுத்துக்குத் தொடக்கக் குறி 1, தரவு 5, நிறுத்தக் குறி 1.5 என 7.5 அலகுகள். ஆகவே நொடிக்கு 6.67 எழுத்துகள், நிமிடத்திற்கு 400.

டெலிடைப் 33 தொலையச்சில் 110 போட். எழுத்துக்கு 11 அலகுகள். ஆகவே நொடிக்கு 10 எழுத்துகள். அங்குலத்திற்கு 10 வரிசைகள் கொண்ட துளைநாடா நொடிக்குச் சரியாக ஓர் அங்குலம் நகரும். 4096 பைட்டு நிரலைப் படிக்க 34 அடி நாடாவும் ஏறத்தாழ ஏழு நிமிடமும் தேவை. 110ஐ 8ஆல் வகுத்து 13.75 என்போர் தவறிழைப்பர்.

மோடங்கள் வந்தபின் நிலைமை தலைகீழானது. ஒரு குறியில் நான்கு பிட்டுகளை ஏற்றியதால் 2400 போட் தடத்தில் 9600 பிட் சென்றது. அதனை 9600 போட் என்று விளம்பரங்களும் எழுதின.

முதல் தலைமுறைச் சாட்டா வன்தட்டு இடைமுகத்திலும் இதே பிழை நேர்வதுண்டு. அதன் 1.5 கிகாபிட் என்பது கம்பியில் செல்லும் குறி வீதம். 8 தரவு பிட்டுகள் 10 அலகுகளாக அனுப்பப்படுவதால் 10ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட்டு கிடைக்கும். கிகாபிட் ஈதர்நெட்டின் 1000 மெகாபிட்டோ குறியேற்றத்திற்கு முந்தைய தரவு வீதம். அதனை 8ஆல் வகுத்தால் 125 மெகாபைட்டு. பெயரளவில் மூன்றில் இரு பங்காகத் தோன்றும் பிணையம், தலைப்புத் தரவுகளைக் கழிக்காத கணக்கில் ஆறில் ஐந்து பங்கு வேகம் கொண்டது.