இரண்டு நிமிஷம் பேசின ஜனாதிபதி

நீளமாய்ப் பேசினால்தான் ஜனங்கள் மனசு மாறுவாங்க என்று அநேகர் நினைக்கிறோம். ஆபிரகாம் லிங்கனின் ஜீவியத்தை வாசிக்க வாசிக்க, அது அப்படியல்ல என்று எனக்குப் புரிந்தது.

1809 பிப்ரவரி 12-ல் கென்டக்கியில் ஒரு மரக்கட்டைக் குடிசையில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார. பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. ஆனால் வேதாகமத்தின் நடை அவர் நாவில் ஏறிவிட்டது. அவர் எந்தச் சபையிலும் அங்கத்தினராய்ச் சேரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

1858-ல் செனட் தேர்தலுக்கு நின்றார். பிரிந்துபோன வீடு நிலைநிற்காது என்ற சுவிசேஷ வசனத்தை எடுத்து, பாதி அடிமைத்தனமும் பாதி விடுதலையுமாய் ஒரு தேசம் நீடிக்காது என்று பேசினார். நண்பர்கள் வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. தோற்றுப்போனார். ஆனால் அதே வருஷம், கறுப்பருக்கு ஓட்டுரிமை கொடுக்க நான் சொல்லவில்லை என்று மேடையில் பேசினவரும் இவர்தான்!

1860-ல் ஜனாதிபதியாய்த் தெரிந்துகொள்ளப்பட்டார். மறு வருஷம் உள்நாட்டு யுத்தம் வெடித்தது. 1862-ல் 11 வயது மகன் வில்லியை அடக்கம்பண்ணினார். 1863 ஜனவரி 1-ல், எதிர்த்து நின்ற மாகாணங்களின் அடிமைகள் விடுதலை என்று பிரகடனம் செய்தார்.

அந்த ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் யுத்தம். செத்தவர்கள், காயப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் என்று இரு பக்கமும் ஏறக்குறைய 50,000 பேர். நவம்பர் 19-ல் அங்கே கல்லறைத் தோட்டப் பிரதிஷ்டை. எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசினது ஏறக்குறைய இரண்டே நிமிஷம்! அடிமைத்தனத்துக்கு இடங்கொடுத்த அரசியல் சட்டத்திலிருந்து அவர் ஆரம்பிக்கவில்லை. 87 வருஷம் பின்னே போய், எல்லா மனுஷரும் சமம் என்று அறிவித்த 1776-ஐத் தொட்டார். அந்தத் தேசம் எதற்காக உண்டானது என்பதற்கு அதுவே பதிலாய் நிலைத்துவிட்டது.

1865 மார்ச் 4. ஜெயம் வாசலில் நிற்கிறது. இரண்டாம் முறை பதவியேற்ற லிங்கன் ஜெயபேரிகை கொட்டவில்லை. இரு பக்கத்தாரும் ஒரே வேதத்தை வாசித்து, ஒரே தேவனிடத்தில் ஜெபித்ததை நினைப்பூட்டினார். அடிமைத்தனத்தின் பாவத்தைத் தெற்கின் தலையில் மட்டும் கட்டாமல் முழுத் தேசத்தின்மேலும் வைத்தார். பழிவாங்காமல், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் விசாரிக்கச் சொன்னார். அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸும் அதைக் கேட்டார். அன்று வெள்ளை மாளிகை வாசலில் போலீஸ்காரர்கள் அவரைத் தடுத்தாங்க. லிங்கன் உள்ளே அழைத்து, பேச்சு எப்படியிருந்தது என்று அவரிடமே கேட்டார்.

ஏப்ரல் 11-ல், கறுப்பரில் சிலருக்காவது ஓட்டுரிமை வேண்டுமென்று பேசினார். கூட்டத்தில் நின்ற ஜான் வில்க்ஸ் பூத் கொதித்துப்போனான். மூன்றாம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை இரவு, சுட்டான். மறுநாள் காலையில் லிங்கன் மரித்தார்.

1922-ல் வாஷிங்டனில் அவருக்கு நினைவு மண்டபம் திறந்தார்கள். கெட்டிஸ்பர்க் பேச்சும் இரண்டாம் பதவியேற்புப் பேச்சும் சுவரில் செதுக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்தத் திறப்பு விழாவிலேயே கறுப்பரைத் தனியாய் உட்கார வைத்தாங்க! 1963 ஆகஸ்ட் 28-ல் மார்ட்டின் லூதர் கிங் அதே படிகளில் நின்றுதான், கொடுத்த வாக்கை நிறைவேற்றும்படி தேசத்தைக் கேட்டார்.

பிரியமானவர்களே, பேசிவிட்ட நல்ல வார்த்தை சும்மா கிடக்காது. முதலாவது பேசினவனையே மாற்றும். அப்புறம், அதைச் சுவரில் எழுதி வைத்தவர்களையும் கணக்குக் கேட்கும்.